பின்னால காலியா வருது

எங்கள் பக்கம் ஓடும் பதினேழாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பஸ் இல்லை, ரயில் என்பார்கள். அரைமணி நேரம் சாலை மொட்டையாகக் கிடக்கும். நிறுத்தத்தில் நிற்பவர்கள் கால் மாற்றி நின்று, அரசாங்கத்தைத் திட்டி முடித்து, பக்கத்தில் நிற்பவரின் மருமகள் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கும்போது வரும். வந்தால் ஒன்றாக வராது. நாலைந்து சேர்ந்து, ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு வரும். முதல் வண்டியில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும். கடைசி வண்டியில் டிரைவரும் கண்டக்டரும் சொந்தக் கதை பேசிக்கொண்டு வருவார்கள்.

டிரைவர்களின் திமிர்தான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. டைம் கீப்பர் வீட்டில்தான் உண்மை தெரியும். முன்னால் போகிற வண்டி எங்கேயாவது கொஞ்சம் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடும். கூட்டம் ஏற நேரமாகும். வண்டி இன்னும் தாமதிக்கும். பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற்ற ஆளே இருக்காது. அது ஓடிவந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். அதற்குப் பிறகு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான், கடைசி நிறுத்தம் வரை பிரியாது.

அந்த வீட்டில் எல்லாமே பஸ்தான். அவர் மார்க்கெட் நிறுத்தத்தில் டைம் கீப்பர். அவருடைய அக்கா ஓய்வு பெற்ற கண்டக்டர். இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிறாள். "ரைட், போலாம்" என்று ஆயுள் முழுக்கக் கத்தியதில் அவளுக்கு ரைட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவி வண்டியில் வேலை பார்க்காவிட்டாலும், டிப்போக்காரர்களின் சீருடையெல்லாம் அவள் கையால் தைத்ததுதான். கடைக்காரர் துணியை வெட்டி அனுப்புவார், அவள் வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பாள். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முதல் வண்டி ஊருக்கு, பின்வண்டி நமக்கு. எவ்வளவு அவசரம் என்றாலும் அந்த வீட்டு ஆட்கள் முதலில் வருகிற வண்டியில் ஏறமாட்டார்கள். நாங்கள் இடிபட்டு ஏறும்போது ஓரமாக நின்று எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அப்புறம் காலி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைத் தாண்டிப் போவார்கள். எரிச்சலாக இருக்கும்.

தையல்காரம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருடமாயிற்று. முதலில் சாயங்காலத்தில் மட்டும் மங்கியது, அப்புறம் பட்டப்பகலிலும். டைம் கீப்பர் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஊசிகளிலெல்லாம் நூல் கோத்து, சுவர்க் காலண்டரின் ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவார். அவள் தடவித் தடவி எடுத்துப் பொத்தான் கட்டுவாள். எப்படியோ சமாளித்து வந்தவள், போன மாதம் ராக்கெட்டின் சட்டையில் மாட்டிக்கொண்டாள். ராக்கெட் என்பது ஒரு டிரைவர். ஓட்டுகிற வேகத்துக்கு வந்த பெயர். அவனுடைய சட்டைப்பையை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாள். அவன் கோபப்படவில்லை. "இனிமே எவனும் என் பாக்கெட்ல கை வைக்க முடியாது" என்று டிப்போ முழுக்கக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கடைக்காரர் காதுக்குப் போனது. அவர் நல்லவர். "ஆபரேஷன் பண்ணிட்டு வாங்கம்மா. இந்த மாசம் வரைக்கும் வேற ஆள் போடாம பாத்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் நல்லவராக இருக்க அவருக்கும் கட்டாது.

ஆபரேஷனுக்கு ஏற்கெனவே ஒருமுறை போய்த் திரும்பிவிட்டாள். அன்றைக்கு நேரமாகிறதே என்று வீட்டுச் சட்டத்தை மீறி முதல் வண்டியில் ஏறியதுதான் வினை. நசுங்கி, மிதிபட்டு, இறங்குகிற இடத்தில் யாரோ தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த அழுத்தம் எங்கேயோ நின்றது. இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கண் டாக்டர் வெளியூர்க்காரர், மாதத்துக்கு ஒருநாள்தான் வருவார். இந்த முறையும் தவறினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வரிசை எவ்வளவு நீளம் என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் பயந்துகொண்டு கேட்கவில்லை.

முதல்நாள் சாயங்காலம் வீட்டில் பேச்சு இப்படிப் போயிற்று.

"நாளைக்கு ஒன்பதரைக்குள்ள உள்ள இருக்கணுமாம்" என்றாள் அவள்.

"நாளைக்குத்தான் எனக்கும் முதல் நாள்" என்றார் டைம் கீப்பர்.

வண்டிகளைப் பிரித்துவிட அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முன்வண்டி போய்க் கால்மணி நேரம் ஆகும்வரை பின்வண்டியை மார்க்கெட்டிலேயே நிறுத்திவைப்பது, அவ்வளவுதான். இதற்கு டிப்போவுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தார்.

"ஆபீசர் நேர்லயே வந்து பக்கத்துல நிக்கப்போறாரு. நான் போகலன்னா, சொன்னவனே வரல பாருன்னு மூட்டை கட்டிருவாங்க."

"நான் உங்களை வரச் சொல்லலையே."

"நீ சொல்லலன்னாலும் எனக்கு..."

"அண்ணி வராங்க. நீங்க போய் உங்க வண்டிகளப் பாருங்க. அதுங்களுக்குத்தான் நீங்க இல்லன்னா ஆகாது."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ரைட்டக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"வருஷக்கணக்கா கூட்டமா வர்ற வண்டி, நீ விசில் ஊதினா பிரிஞ்சிருமாடா? போடா. இந்தா பாரும்மா, நான் இருக்கேன். நாளைக்கு உன்னை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். ஒருத்தன் தோள் உன்மேல படாது."

இனி நிறுத்தத்தில் நடந்தது ரைட்டக்காவே எங்களிடம் சொன்னது. தன்மேல் குற்றம் வராதபடி அவள் சேர்த்துக்கொண்டதையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

காலையில் தூறல் விட்டு, சாலை ஈரமாகக் கிடந்தது. தையல்காரம்மா வெறும் டீயும் இரண்டு துண்டு ரொட்டியும் சாப்பிட்டிருந்தாள். இருவரும் நிறுத்தத்துக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. வழக்கம்போலப் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"விடு. பின்னால காலியா வருது" என்றாள் ரைட்டக்கா.

"தெரியுதா அண்ணி?"

"தெரியவேண்டியது என்ன? எப்பவும் வர்றதுதானே. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாங்க. பஸ் ஏறுறது பந்தி இல்லம்மா, படை."

வண்டி போயிற்று. பின்னால் ஒன்றும் வரவில்லை. சாலையில் ஒரு பால்வண்டியும் மூன்று சைக்கிளும்தான் வந்தன. தையல்காரம்மாவுக்கு எல்லாம் சாம்பல் நிறத்தில் அசைகிற திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்கும் "இதுவா அண்ணி?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் ரைட்டக்கா இல்லை என்றாள். கால்மணி நேரம் போலச் சென்றபின் இரண்டாவது வண்டி வந்தது. உட்கார இடம் இல்லை, ஆனால் கூட்டமும் இல்லை. ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

சாதாரணப் பெண்பிள்ளையாக இருந்தால் ஏறியிருப்பாள். ரைட்டக்கா யோசித்தாள். அவள் அனுபவமே அவளுக்கு எதிரியாகப் போனது.

"இவ்வளவு லேட்டா வந்திருக்கே, அப்ப இதுதான் தலைவண்டி. இதுக்கு வால் இருக்கும். ரெண்டு நிமிஷம் பொறு, உக்காந்து போலாம்."

"நின்னுக்கறேன் அண்ணி. யாரும் இடிக்கலையே."

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன. ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு? பதறாத காரியம் சிதறாது."

நிறுத்தத்திலிருந்த மற்ற எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர் பெண் இவர்களைப் பார்த்து, "வரலையா?" என்று கேட்டாள். ரைட்டக்கா, தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவர்களிடம் காட்டும் பெருந்தன்மையோடு, போ போ என்று கையசைத்தாள். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

வால் வரவில்லை. ரைட்டக்கா சாலைக்கு நடுவில் போய் நின்று பார்த்தாள். டாக்சிக்குக் கை காட்டினாள், இரண்டு டாக்சிகள் ஆளோடு போயின. பையிலிருந்து போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

மார்க்கெட் நிறுத்தத்தில் டைம் கீப்பருக்கு அது நல்ல காலையாக இருந்தது. ஆபீசர் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். இரண்டு வண்டிகள் இடைவெளி விட்டு, அளந்துவைத்ததுபோலப் போயிருந்தன. மூன்றாவது ராக்கெட்டின் வண்டி. அவனைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பதைப்போல மனிதனுக்கு வேறு கோபம் இல்லை.

"இறங்கித் தள்ளணுமா, சொல்லுங்க, தள்றோம்" என்றார் ஒரு பயணி.

"ஆபீஸ்ல வந்து நீங்களே என் மேனேஜர்கிட்ட சொல்லிடறீங்களா?" என்றாள் ஒரு பெண்.

ராக்கெட் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் போன் அடித்தது.

"டேய் தம்பி, வண்டியெல்லாம் எங்கடா தொலைஞ்சுது?"

"அக்கா? நீ எங்கருந்து பேசற?"

"நிறுத்தத்துலருந்துதான்."

"இன்னும் ஏறலையா? இப்ப ரெண்டு வண்டி வந்திருக்குமே."

"வந்துச்சு. விட்டுட்டேன்."

"ஏன்க்கா?"

"ஏன்னா என்னடா கேள்வி? பின்னால காலியா வரும்ல?"

மூன்று மாதம் நடையாய் நடந்து, பின்னால் வருகிற அந்தக் காலி வண்டியை டைம் கீப்பரேதான் ஒழித்திருந்தார். ஊருக்கெல்லாம் வண்டி சரியாகப் போக, அவர் பெண்டாட்டி மட்டும் தெருவில் நிற்கிறாள்.

"அக்கா, நல்லா கேளு. பின்னால ஒண்ணும் வராது. இனிமே எப்பவுமே வராது. அடுத்து எது வருதோ அதுல ஏறு. கூட்டம் இருந்தாலும் ஏறு. அவகிட்ட சொல்லு."

போனை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஏழு நிமிஷம் ராக்கெட்டை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது ஒன்பதரை தாண்டிவிடும். ஆபீசர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்க வண்டிகளப் பாருங்க என்று நேற்றுச் சாயங்காலம் அவள் சொன்னது டைம் கீப்பரின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனார்.

"ராக்கெட், எடு."

அவன் அசையவில்லை. "இன்னும் நேரம் இருக்கேண்ணே. ராஜாவே வந்தாலும் நேரம் ஆகாம எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ராஜா இல்லடா. என் வீட்டுக்காரி. நிறுத்தத்துல நிக்கறா. ஒன்பதரைக்குக் கண் ஆபரேஷன்."

"நம்ம சட்டைக்காரம்மாவா?" என்றான். எஞ்சின் உறுமியது.

வண்டி நகர்ந்ததும் ஆபீசர் திரும்பினார். "அதுக்கு இன்னும் நேரம் ஆகலையே?"

"ஆகலை சார்." டைம் கீப்பருக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததைச் சொன்னார். திட்டமும் போயிற்று, வேலையும் போகட்டும் என்கிற முகத்தோடு நின்றார்.

ஆபீசர் தன் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "என் வாட்ச்ல நேரம் ஆயிருச்சே. உங்களுது மெதுவா ஓடுது போல. அடுத்த வண்டியைக் கொஞ்சம் கூட நேரம் நிறுத்துங்க, கணக்கு சரியாயிரும்." பிறகு, "வீட்டம்மாவுக்கு ஆபரேஷன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நாளைக்கு வெச்சிருப்போமே" என்றார். இது டைம் கீப்பருக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ராக்கெட்டின் வண்டி நிறுத்தத்துக்கு வந்தபோது ரைட்டக்கா, தம்பி சொன்னதைக் கேட்டும், பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டினாள்.

"இரு, உள்ள எப்படி இருக்குன்னு எட்டிப் பாக்கறேன். ஒருவேளை இதுக்குப் பின்னால..."

"அண்ணி" என்றாள் தையல்காரம்மா. குரல் உயரவில்லை. "எனக்குக் கண்ணுதான் தெரியல. வண்டி வந்து நிக்கறது தெரியுது."

கம்பியைத் துழாவிப் பிடித்து அவளே முதலில் ஏறினாள். ரைட்டக்கா வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறினாள். மேனேஜருக்குப் பயந்த பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ரைட்டக்கா அந்த இருக்கைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவரை யாரையும் அண்டவிடவில்லை. வாக்குக் கொடுத்தபடி ஒருவர் தோளும் படவில்லை. ராக்கெட் அன்றைக்கும் வேகமாகத்தான் போனான், ஆனால் ஒரு பிரேக்கும் அதிரவில்லை. நிறுத்தமே இல்லாத ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, "பாத்து இறங்குங்கம்மா" என்றான்.

உள்ளே போனால் அங்கேயும் அதே கதை. எல்லோரையும் ஒன்பதரைக்கே வரச்சொல்லியிருந்தார்கள், எல்லோரும் ஒன்றாக வந்து, எந்தக் கண் என்பதற்கு அடையாளமாக நெற்றியில் ஆளுக்கொரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கதவைச் சாத்தப் போகிற சமயம்.

"இவ்வளவு நேரம் எங்கம்மா போனீங்க? சரி வாங்க. நீங்கதான் கடைசி."

"பரவாயில்ல. கடைசி வண்டி சாவகாசமா போகும்" என்றாள் ரைட்டக்கா, பழைய தெம்பு கொஞ்சம் திரும்பி. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. அதைக் கேட்டதும் அந்தத் தெம்பெல்லாம் வடிந்து, தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சர்வீஸில் எத்தனையோ ரௌடிகளைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டவள், "ரெண்டு வண்டிய விட்டது நான்தானே, நான்தானே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

மாலையில் டைம் கீப்பர் வந்தபோது அவள் ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். நல்லபடியாக முடிந்தது என்று ஏற்கெனவே போனில் தெரியும். இருந்தாலும் அவளைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு சரியாக வந்தது.

"நான் லீவு போட்டிருக்கணும்" என்றார்.

"போட்டிருக்கலாம். வண்டியெல்லாம் ஒண்ணா வந்திருக்கும். அண்ணி சொன்ன மாதிரி ஜன்னலோரமா உக்காந்து போயிருப்பேன்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"தொடர்ந்து பண்ணுங்கன்னாரு. நாளைக்கு லீவு கேட்டேன், குடுத்துட்டாரு. இந்தத் தடவை உன்னைக் கூட்டிட்டுப் போறது நான்தான்."

"ராக்கெட்டை முன்னாடியே எடுக்கச் சொன்னீங்களாமே, ஆபீசர் பக்கத்துல நிக்கும்போதே."

"யார் சொன்னது?"

"அவன்தான் கத்திக்கிட்டே ஓட்டினான். வண்டியில இருந்த எல்லாருக்கும் தெரியும்."

அவர் வெட்கப்பட்டார். அவள் கட்டில் விளிம்பைத் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஊசியைத் தொடக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, இன்னொரு கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்றார் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற டாக்டர். கடைக்காரரோ போனில், "தேறிட்டு வாங்கம்மா, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். மூன்று பேருமாக வெளியே வந்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்த நிறுத்தத்துக்குப் போய், வீட்டுக்குப் போகிற வண்டிக்காக நின்றார்கள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"உங்க மீசை எப்ப நரைச்சுது?"

"அது... ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ரைட்டக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்போது பாலத்து வளைவில் ஒரு வண்டி தெரிந்தது. அதை ஒட்டி இன்னொன்று. அப்புறம் இன்னும் இரண்டு.

டைம் கீப்பருக்கு முகம் தொங்கிவிட்டது. "ஒரே ஒரு நாள் நான் இல்லன்னா பாரு. எல்லாம் வீணாப்போச்சு."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். "பதினேழு. அடுத்ததும் பதினேழு. அதுக்குப் பின்னாலயும் பதினேழு. கடைசி வண்டியில ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. மொதல்ல வர்றதுல எள்ளு போட்டா எள்ளு விழாது. நாலாவதுல ஆளே இல்லை." ரைட்டக்காவின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, எனக்கே தெரியுது. பின்னால காலியா வருது."

மூன்று வண்டிகளை விட்டார்கள். நாலாவதை ஓட்டிவந்தவன் ராக்கெட். அவள் படியில் கால் வைத்தவள், அவன் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சில் பை இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே இருக்கிற பையைச் சுற்றி ஓடிய தையல் மட்டும் சதுரமாகத் தெரிந்தது.

"இதையா ஒரு மாசமா போட்டுட்டுத் திரியற? கழட்டிக் குடுப்பா, கண்ணு தேறினதும் மொதல் வேலையா பிரிச்சுத் தைச்சுத் தரேன்."

"ஐயோ வேணாம்மா. இதுக்கு வெளிப்பக்கம் பை வெச்சா நான் கையை எங்க விடறதுன்னு தடுமாறிப் போயிருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏய், கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்று ரைட்டக்கா அவளைப் பிடித்து ஜன்னலோரம் உட்காரவைத்தாள். டைம் கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிட்டார். வண்டிக் கண்டக்டர் வாயைத் திறக்குமுன் ரைட்டக்கா, "ரைட், போலாம்" என்றாள். வீடு வரும்வரை தையல்காரம்மா கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள், அவர் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.